கறுப்பு மட்டை

"கொலைகாரப் பயலே! என் புள்ளையச் சாய்ச்சுட்டு இங்கயே வந்து நிக்கிறியா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹார்லன் பாய்ந்து வந்து டெக்ஸ்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பதினைந்து வயதுப் பையன், முட்டியில் ஒட்டிய மைதானத்து மண்கூட உதிராமல் விறைத்து நின்றான். அவன் அப்பா லைல் குறுக்கே புகுந்து பிடியை விலக்கினார்.

"ஹார்லன், ஆட்டத்துல பட்டதுய்யா! வேணும்னேவா அடிச்சான்? வேற வேற டீம்னாலும் ரெண்டு பேரும் ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து சிநேகிதம்."

பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசியது ஹார்லனின் மகன் கோல்பி. டெக்ஸ்டர் அடித்த பந்து நேராகத் திரும்பி வந்து அவன் நெற்றிப்பொட்டில் பாய்ந்தது. கையைத் தூக்கக்கூட அவகாசமில்லை, பாவம். உள்ளே ஆபரேஷன் நடக்கிறது. பிழைப்பானா என்று டாக்டர்களே வாய் திறக்கவில்லை.

"பட்டதா? அந்தச் சத்தத்தைக் கேட்டியா நீ? கடையில வாங்கின மட்டை அப்படிக் கத்தாது. உள்பக்கத்தைச் சுரண்டி மெலிசாக்கின அலுமினிய மட்டை அது. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்!"

லைலுக்கும் அது தெரியும். சுரண்டிய மட்டையில் பட்ட பந்து குண்டு மாதிரி பறக்கும். அதனால்தான் அதற்குத் தடை. உலோக மட்டையே வேண்டாமென்று மகனுக்கு மரமட்டைதான் அவர் வாங்கித் தருவார். "விறகைத் தூக்கிட்டு வந்துட்டான்யா!" என்று சீசன் முழுக்கக் கேலி செய்த மகராசன் இதே ஹார்லன்தான்.

அந்த விறகு இன்று ஆட்டத்தின் நடுவில் இரண்டாக உடைந்து போனது. அடுத்த முறை மகன் கறுப்பு அலுமினிய மட்டையோடு இறங்கியதை லைலும் பார்த்தார். ஊரில் பாதிப் பையன்களிடம் அதே கறுப்பு மட்டைதான்.

ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரீப்பின் துணை அதிகாரி ரோண்டா அந்த மட்டையோடு வந்தாள். "ஆட்டத்துக்கு முன்னாடி எல்லா மட்டையையும் வேலியோரமா அடுக்கி வச்சு அம்பயர் பாத்திருக்காரு. மட்டையில அனுமதி முத்திரை சரியாத்தான் இருக்கு."

"வெளிய பாத்தா என்ன தெரியும்? முனையில இருக்கற மூடியை நெம்பு, ரோண்டா. உள்ள பாரு!"

கத்தியால் நெம்பி, டார்ச் அடித்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. உட்சுவர் முழுக்கச் சுரண்டல் கோடுகள்.

"பாத்தீங்களா? இதைப் பண்ணினவன் மனுஷனே இல்ல! எவனா இருந்தாலும் ஜெயில்ல தள்ளு!" ஹார்லன் அலறினார்.

லைல் மகனின் தோளை உலுக்கினார். "டேய், இது உனக்கு எப்படிடா வந்துது? யார் சுரண்டினது?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்ப்பா."

பளாரென்று அறைந்துவிட்டார் லைல். மகன் மேல் கை வைக்காத மனிதர். அறைந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சுவரில் சாய்ந்தார். தன் பிள்ளை இப்படிப்பட்டவனா என்று நெஞ்சு வெந்தது.

ரோண்டா பையனின் முன்னால் குனிந்தாள். "உன் சிநேகிதன் சாகக் கிடக்கான் தம்பி. இன்னும் யாரைக் காப்பாத்தறே?"

டெக்ஸ்டர் உடைந்து அழுதான்.

"கோல்பியைத்தான்... மட்டை அவனுது. என்னுது உடைஞ்சதும் அடிக்கக் குடுத்தான். சுரண்டினது அவங்கப்பாவாம்."