இடிக்காதே

"இடிக்காதே, இடிக்காதேன்னு எத்தனை வாட்டி சொல்றது? உனக்கு முன்னாடி வந்தவ நான்!" என்று தண்ணீர் லாரி வரிசையில் பச்சைக் குடம் தினமும் கத்தும்.

"பெரிய மகாராணி! தள்ளுடி" என்று பின்னால் நிற்கும் பக்கத்துக் குடிசைச் சிவப்புக் குடம் இன்னும் ஒரு இடி கொடுக்கும்.

ஒருநாள் அந்தக் குடிசைகளையே இடித்துவிட்டார்கள். குலுக்கல் போட்டு மாற்று வீடு கொடுத்த புண்ணியவான்களுக்கு, எந்தக் குடத்துக்குப் பின்னால் எந்தக் குடம் என்று தெரியுமா என்ன? சிவப்பு எங்கோ ஒரு பிளாக்குக்குப் போனது. பச்சை ஆறாவது மாடிக்கு ஏறியது.

அங்கே சமையலறைக்குள்ளேயே குழாய். முன்னால் யாருமில்லை, பின்னால் வெறும் சுவர். மகாராணி தனியாக நிரம்பினாள். குழாயை மூடியதும், சுவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

"ஏ சிவப்பி, ஒரே ஒரு இடி இடிச்சிட்டுப் போயேன்டி."