ரெண்டு தட்டு

"மருதுபாண்டி தட்டுனானா, இல்லையா?"

கோச் காளிராஜ் கேட்டதும் வீரணன் தலையைக் குனிந்துகொண்டான்.

பாளையம்பட்டியில் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஜியு-ஜிட்சு கிளப். ஓரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் முத்துத்தாய் உட்கார்ந்திருந்தாள். மகன் மருதுபாண்டிக்கு நியாயம் கேட்டு, நரிக்குடிப் பக்கமிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

அந்த விளையாட்டில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். எதிராளி காலை மடக்கிப் பூட்டுப் போடுவான். வலி தாங்காதவன் கையால் ரெண்டு தட்டுத் தட்டினால், அந்த நொடியே விட்டுவிட வேண்டும்.

"நான் தட்டுனேன்மா. வீரணன் விடல" என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே மருதுபாண்டி சொல்லிவிட்டான். மாதம் ஒன்றாகியும் முழங்கால் மடங்கவில்லை. போலீஸ் வேலைக்கு ஓட வேண்டிய கால். இனி ஓடாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

கால் போன அன்றைக்கு நண்பர்கள் ரெண்டு பேரும் சீக்கிரமே வந்து பயிற்சி செய்திருக்கிறார்கள். பார்த்தவர் யாருமில்லை.

"சொல்லு வீரணா."

வீரணன் முத்துத்தாயைப் பார்த்தான். "மருது அப்பிடியா சித்தி சொன்னான்?"

"பின்னே, நானா கட்டிச் சொல்றேன்?"

வீரணன் கோச் பக்கம் திரும்பினான். "தட்டுனான் சார்."

"அப்புறம் ஏன் விடல?"

"கவனிக்கல."

காளிராஜ் முகம் இறுகியது. "அடுத்த வாரம் ஸ்டேட் போட்டிக்கு நீ போகல. இனி இந்தப் பக்கமும் வராத."

வீரணன் பையை எடுத்துக்கொண்டு முத்துத்தாய் முன்னால் வந்து நின்றான். "மன்னிச்சிருங்க சித்தி."

"எங்கையால சோறு தின்னவந்தான நீ? எம்பிள்ள கெடந்து தட்டயில ஒனக்குத் தெரியாமப் போச்சா? போயிரு. எம்மூஞ்சில முழிக்காத."

அவன் படியிறங்கிப் போனான்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆங்காரம் அடங்கவில்லை. கட்டிலில் காலை நீட்டிக் கிடந்த மகனிடம் நேரே போனாள்.

"அந்தப் பாவி ஒத்துக்கிட்டான்யா. நீ தட்டுனது நெசந்தான்னு அவன் வாயாலயே சொல்லிட்டான். கிளப்ப விட்டே வெரட்டிட்டாக."

மருதுபாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"காலு வலிக்குதாய்யா?"

"நான் தட்டவே இல்லம்மா. தோக்கக் கூடாதுன்னு, அவன் பிடிய விடுறதுக்குள்ள நானாத்தான் திமிறி உருண்டேன். தட்டிருறா, தட்டிருறான்னு அவந்தான் கெஞ்சுனான்."