மாப்பிள்ளை மறைத்த பெட்டி

"பயோடேட்டாவுல 'பிரிசிஷன் இன்ஜினியரிங்'னு போட்டிருக்கே தம்பி, அப்படின்னா என்ன செய்யறீங்க?"

சிதம்பரம் கேட்ட தோரணை, விசாரணைக் கமிஷன் தலைவருடையதைப் போலிருந்தது. அருகில் அமர்ந்திருந்த அவர் மனைவி அம்பிகா, பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

கோயம்புத்தூரிலிருந்து அம்பிகாவின் தங்கை வசுந்தரா ஒப்படைத்த பொறுப்பு இது. அவள் மகள் நிருபமாவுக்குப் பார்த்திருக்கும் பையன் உதய், ஜெர்மனியில் தனியாக இருக்கிறான். நிருபமாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. "நீங்க நேர்ல போய்ப் பார்த்துச் சொல்லுங்கக்கா. சரின்னா அடுத்த வாரம் தட்டு மாத்திக்கிறோம். வேண்டாம்னா விட்டுடறோம்" என்றிருந்தாள் வசுந்தரா. அதற்காகத்தான் இருவரும் தாங்கள் வசிக்கும் டார்ம்ஸ்டாட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி இந்தச் சிற்றூருக்கு வந்திருந்தார்கள்.

"கைத்துப்பாக்கி செய்யற கம்பெனி அங்கிள். டிசைன்ல இருக்கேன்" என்றான் உதய்.

அம்பிகாவின் காபிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

"துப்பாக்கியா! அதை ஏன் பயோடேட்டாவுல மறைச்சீங்க?"

"அம்மா எழுதினது ஆன்ட்டி. துப்பாக்கின்னு போட்டா ஜாதகம் திரும்பி வந்துடுதாம். நிருபமாகிட்ட முதல் போன்லயே சொல்லிட்டேன்."

'பேச்சில் கெட்டிக்காரன்' என்று அம்பிகா மனத்துக்குள் குறித்துக்கொண்டாள்.

"இப்ப என்ன செய்யறீங்க? புதுசா ஏதாவது துப்பாக்கியா?"

"பழசுதான் ஆன்ட்டி. எட்டு வருஷத்துக்கு முன்னால நிறுத்தின ஒரு பிஸ்டலைத் திரும்பக் கொண்டு வர்றோம். புது மாடல் வந்தும், ஷூட்டிங் கிளப்காரங்க பழசைத்தான் கேட்டு எழுதிட்டே இருக்காங்க. பிடி கைக்கு அடக்கமா இருக்குமாம்."

"எங்கம்மா பழைய மிக்சியைக் கேட்கிற மாதிரி" என்றாள் அம்பிகா. அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

சிதம்பரத்தின் கோப்பை 'டக்'கென்று மேசையில் இறங்கியது. மறுகணம் அவர் குரல் கூரையைத் தொட்டது.

"எங்க குடும்பத்துல எறும்பைக்கூட மிதிக்க மாட்டோம் தம்பி! நானும் இந்த நாட்டுல இருபது வருஷமா இரும்போடதான் மல்லுக்கு நிக்கிறேன். எங்க ஸ்பிரிங் எல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகுது. நோயாளி நிம்மதியாப் படுக்கிறான். துப்பாக்கின்னா இந்தக் கை தொடாது!"

"எந்தக் கம்பெனி அங்கிள்?"

"அது... சின்னக் கம்பெனி. உங்களுக்குத் தெரியாது."

"சின்னக் கம்பெனியா?" என்று இடைமறித்த அம்பிகா, நிறுவனத்தின் பெயரைப் பெருமையோடு சொன்னாள். "இவர்தான் அங்க சேல்ஸ் மேனேஜர்!"

உதய் ஒரு கணம் சிதம்பரத்தைப் பார்த்தான். பிறகு, மடிக்கணினிக்குப் பின்னாலிருந்த சிறிய அட்டைப்பெட்டியைச் சத்தமில்லாமல் எடுத்து, மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடினான்.

சிதம்பரம் கவனிக்கவில்லை. அம்பிகா கவனித்தாள்.

அந்தப் பெட்டியில் என்ன இருக்கும்? குண்டுகளா? வீட்டிலேயே வைத்திருக்கிறானா? நிருபமா நாளை இந்த வீட்டில் அல்லவா வந்து குடியிருக்க வேண்டும்!

விடைபெற்று வாசலில் காலணியை மாட்டும்போது, சால்வையை வேண்டுமென்றே நாற்காலியில் விட்டுவிட்டாள். "நீங்க கீழே இறங்குங்க, எடுத்துட்டு வந்துடறேன்" என்று கணவரை லிப்டில் அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"தம்பி, அந்த இழுப்பறையைத் திறங்க."

"வேண்டாம் ஆன்ட்டி."

"உள்ளே குண்டா?"

"அய்யோ, இல்லை ஆன்ட்டி."

"அப்ப நானே திறக்கிறேன்."

திறந்தாள். பெட்டியின் மேல், அவள் சமையலறை நாட்காட்டியில் இருக்கும் அதே நீல நிற நிறுவன முத்திரை. உள்ளே, விரல் நீளத்தில் பத்துப் பன்னிரண்டு சுருள்வில்கள். அவற்றின் மேல் ஜெர்மன் மொழியில் கைப்பட எழுதிய ஒரு குறிப்பு: 'உங்கள் பழைய பிஸ்டலுக்கான ஸ்பிரிங், இறுதி மாதிரி. அது மறுபடியும் சந்தைக்கு வருவதற்கு என் வாழ்த்துகள்.'

கீழே கையொப்பம். கடைசி எழுத்தின் வால் நீண்டு சுழிந்திருந்தது. எத்தனை வங்கிப் படிவங்களில் அதன் பக்கத்தில் அவளும் கையெழுத்திட்டிருக்கிறாள்!

அம்பிகா உதய் பக்கம் திரும்பினாள்.

"அவர் அவ்வளவு பேசினாரே, இதை எடுத்து முகத்துக்கு நேரா காட்டியிருக்கலாமே?"

"உங்க முன்னாடி ஆன்ட்டி... அவருக்குத் தலைகுனிவா போயிருக்கும்."

"இந்தச் சம்பந்தமே கைவிட்டுப் போயிருக்குமே தம்பி?"

உதய் தரையைப் பார்த்தான். "போயிடக் கூடாதுன்னுதான் இப்பவும் வேண்டிக்கிறேன். அதுக்காக வீடு தேடி வந்தவரை எப்படி ஆன்ட்டி..." என்று இழுத்தவன், சால்வையை மடித்து அவள் கையில் கொடுத்தான்.

ரயில் பதினைந்து நிமிடம் தாமதம் என்று நடைமேடையில் அறிவிப்புப் பலகை சொன்னது. சிதம்பரம் குளிரில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்.

"வசுந்தராகிட்ட இப்பவே சொல்லிடு. தொழிலை மறைக்கிற பையன் நமக்கு வேண்டாம். இன்னைக்குத் தொழிலை மறைக்கிறவன் நாளைக்குப் பொண்டாட்டிகிட்ட எதை எதை மறைப்பானோ!"

"சொல்லிடறேங்க" என்ற அம்பிகா, கைபேசியின் ஒலிபெருக்கியை இயக்கினாள்.

"அக்கா! பையன் எப்படி?"

"நல்ல பையன் வசு. தாராளமா தட்டை மாத்திக்கோ."

சிதம்பரத்தின் நடை நின்றது.

"என்ன வேலைக்கா பார்க்கிறான்?"

அம்பிகா கணவரின் முகத்தை நிதானமாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"உன் அத்தான் பார்க்கிற அதே வேலைதான்டி. இவன், கேட்டதும் ஒளிக்காமச் சொல்லிட்டான்."