பில்ட் பச்சையானது

மண்சரிவு அபாயம் வந்தால் போனுக்குச் செய்தி அனுப்பும் இலவச ஆப் அது. யார் வேண்டுமானாலும் அதற்கு நிரல் எழுதலாம். எழுதியதையெல்லாம் சேர்த்து ஆப்பாகக் கட்டுகிற ‘பில்ட்’ என் பொறுப்பு. ஒரு மாதமாக அது தேறாமல் சிவப்பிலேயே நின்றது.

“மதுசன், இன்னைக்கும் பெயில்,” என்றாள் ஹப்ஸா. கேகாலையில் இருந்தபடி ஆப்பைச் சோதித்துப் பார்ப்பவள் அவள். “தமிழ்ச் செய்தி இல்லாட்டி பில்ட் நிக்கணும்னு ஒரு ரூல் இருக்கு, அதான். மழையும் தொடங்கிட்டு. தமிழ் எழுதித் தாறேன்னு சொன்ன ஆள் எங்க?”

“யாரோ ஒரு சோம்பேறி. பேரைச் சொல்லி மானத்தை வாங்க வேணாம். ரூலையே தூக்கிடுறேன். தமிழ் இல்லாட்டி சிங்களத்துல போகட்டும். நம்ம பக்கம் எல்லாருக்கும் சிங்களம் தெரியுந்தானே?”

அந்த ரூலை அழித்தேன். பில்ட் பச்சையானது. எங்கள் குழுவில் பதினேழு பேர் கைதட்டும் படம் போட்டார்கள்.

வியாழக்கிழமை விடாத மழை. எங்கள் ஊர் ஓப்பநாயக்கவுக்கு எச்சரிக்கை போனதைக் கொழும்பில் இருந்து பார்த்தேன். அங்கே தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் இருக்கும் அம்மாவை உடனே அழைத்தேன்.

“அம்மா, போன்ல ஏதும் வந்துச்சா?”

“சிங்களத்துல என்னமோ வந்துச்சுப்பா. எனக்குப் பேசத்தானே வரும், படிக்க வருமா? போனுக்குக் காசு போடச் சொல்லுற ரீலோட் விளம்பரம்னு அழிச்சிட்டேன். இரு, பின்னால மலையில என்னமோ சத்தம்...”

“மண் சரியுது! எல்லாரும் உடனே வெளியேறுங்க!” என்று கத்தினேன்.

ஆறு மாதத்துக்கு முன் எழுதித் தருவதாக நான் ஏற்றுக்கொண்ட தமிழ்ச் செய்தி இந்த இரண்டு வரிதான்.