அறுபத்து நாலில் ஒரு பங்கு

விசாரணை அறையின் நீள மேஜைமேல், விபத்து நடந்த ரயில்வே கேட்டின் மாதிரியாகப் பொம்மைத் தண்டவாளம் கிடக்கிறது. ஜன்னல் வெயில் ரயில் பெட்டிகளின் மேல் சாய்ந்து விழுகிறது. காவலாள் இல்லாத அந்தக் கேட்டில்தான், மாகறலிலிருந்து கத்தரிக்காய் மூட்டையோடு வேன் ஓட்டிவந்த தர்மசந்திரன் ரயிலில் அடிபட்டுச் செத்தார். எதிர்த்தரப்பான ரயில்வேயின் வக்கீல் ஒரு வெள்ளைப் பொம்மை வேனை இரண்டு விரலால் தள்ளிவந்து, பச்சை ஸ்பாஞ்சில் செய்த புதருக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார். வேனின் கண்ணாடி புதருக்கு மேலே தெரிகிறது. "பாருங்க சார், ரயில் வர்றது டிரைவருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும். அவசரப்பட்டு விட்டிருக்காரு." தர்மசந்திரனின் மனைவி சாந்திமதிக்கு உடம்பெல்லாம் எரிகிறது. விருட்டென்று எழுந்து வேனைப் பிடுங்கிக் கவிழ்க்கிறாள். அடியில் பொடி எழுத்தில் 1:64. எஞ்சினைப் புரட்டுகிறாள். 1:87. "ரயிலு, புதரு எல்லாத்தையும் எண்பத்தேழுல ஒரு பங்கா சுருக்கிட்டு, வேனை மட்டும் அறுபத்து நாலுல ஒரு பங்கா வச்சிக்கினு பேசறியே, எம்புருசன் என்னா பனைமர உசரமா?" போன வாய்தாவில் இந்தப் பொம்மைகளைப் பார்த்த நாளிலிருந்து கடை கடையாய் அலைந்து வாங்கிய 1:87 அளவுச் சின்ன வேனைக் கைப்பையிலிருந்து எடுத்து, அதே இடத்தில் டக்கென்று வைக்கிறாள். விசாரணை அதிகாரி மேஜை மட்டத்துக்குக் குனிந்து, வேனுக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்க்கிறார். ரயில் தெரியவில்லை. பச்சை ஸ்பாஞ்சுதான் தெரிகிறது. வக்கீல் அந்த வேனை அகற்றக் கை நீட்டுகிறார்.

"கைய எடுய்யா," என்கிறாள் சாந்திமதி. "அதுல எம்புருசன் உக்காந்துக்கினு இருக்காரு."