மூன்று பந்துகள்

கடலுக்குப் புறப்படும் முன் அல்பிரட் தினமும் மகளின் அறைத் திரைக்கு வெளியே நின்று காது கொடுப்பான். முதுகெலும்பு வருடத்துக்கு வருடம் வளைந்து அஜித்தாவின் நுரையீரலை நெருக்கிவிட்டது. அவள் மூச்சை இழுத்தால் மூச்சுப் பயிற்சிக்கான பிளாஸ்டிக் கருவிக்குள் மூன்று பந்துகளும் மேலே போய் முட்ட வேண்டும். முட்டாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டொக்டர்.

“இழுத்திட்டியா மகள்?”

“கேளுங்க.”

டக். டக். டக்.

“மூண்டும் போயிட்டுது. இந்தக் கிழமை ஒரு நாளும் பிழைக்கல்ல.”

“பயந்தாங்கொள்ளி. போங்க.”

சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தான். கரையில் மீன்பிடி போட் புறப்படக் காத்திருந்தது. புத்தளம் பஸ்ஸில் வந்திறங்கிய மனைவி டெல்சி பையைத் திறந்தாள்.

“திங்கக்கிழமை வெடிச்சுப்போன கருவிய கிளினிக்கில குடுத்தன். நீங்க பயப்பிடுவீங்க எண்டு சொல்லல்ல. இண்டைக்குத்தான் புதுசு தந்தாங்க. மூண்டு நாளா பிள்ளை பந்து இழுக்கல்ல. இப்ப இழுக்கச் சொல்லுங்க.”

அல்பிரட் அதை வாங்கிப் பார்த்தான். மூன்று பந்துகளும் அடியில் கிடந்தன.

ஓடிப்போய்த் திரையை விலக்கினான். அஜித்தாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மடியில் கவிழ்த்த பிளாஸ்டிக் கோப்பை, கையில் கரண்டி.

“போட்... போயிடும்... அப்பா” என்றாள், மூன்று மூச்சில்.