குரல் கேட்டால்தான் வண்டி

"போன் நம்பர்தான் இருக்கே. இந்த எழுதுற பக்கம் எதுக்கும்மா?" என்று ஸ்டெல்லாக்கா அன்றைக்குக் கேட்டாள்.

"சிலருக்கு வாயில வராதுக்கா. எழுதத்தான் வரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சிரித்து மழுப்பினாள்.

"சரி, எழுதட்டும். ஆனா நாங்க திரும்பக் கூப்பிடுவோம். அந்தப் பொண்ணு தன் வாயால வாங்கன்னு சொல்லணும். குரல் கேட்டாத்தான் வண்டி. ஒரு தடவை புருஷனே பொண்டாட்டி மாதிரி எழுதி வரவச்சு, எங்க டிரைவர் மண்டையை உடைச்சுப்புட்டான்."

வீட்டில் அடிபடும் பெண்களை வண்டி அனுப்பி அழைத்துவரும் இல்லம் ஸ்டெல்லாக்காவுடையது. அதன் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள்.

இப்போது குளியலறைத் தரையில், கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் லேப்டாப். ஈரம் சேலையில் ஏறுகிறது.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கணவன்.

"ஞாயித்துக்கிழமை கூட உனக்கு ஆபீஸா? வெளிய வாடி."

கதவு அதிர்ந்தது. பிளாஸ்டிக் கதவு. தாழ்ப்பாளின் திருகு ஒன்று ஏற்கெனவே வாளிக்குள் கிடந்தது.

சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாக்காவின் அழைப்பு வந்தது. கரண்டியை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். அவ்வளவுதான். அவன் எழுந்து வந்து, அவள் விரல்கள் உள்ளே இருக்கும்போதே மூடியை அறைந்து சாத்தினான். பிறகு குழம்புச் சட்டி சுவரில் போய் உடைந்தது.

அவள் லேப்டாப்பையும் போனையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து தாழ்போட்டாள்.

இடது கையில் இரண்டு விரல்கள் வீங்கிவிட்டன. மற்றவை போதும்.

ஸ்டெல்லாக்கா போனில் சொன்னது இதுதான். காலையில் யாரோ ஒரு பெண் உதவி கேட்டு எழுதும் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். கட்டங்கள் காலியாக இருக்க வேண்டும். அவற்றில் இன்னொருத்தியின் பெயர் இருந்தது. தெரு இருந்தது. "ராத்திரி என்னைக் கொன்னுருவார்" என்று இருந்தது.

அடுத்து அதைத் திறப்பவர் யாராகவும் இருக்கலாம்.

அந்தப் புருஷனாகவும் இருக்கலாம்.

பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்ட், சர்வருக்குள்ளேயே குடியிருப்பது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்காது. ஒருத்தி எழுதியதை மனதில் வைத்திருந்து அடுத்தவளிடம் காட்டிவிட்டது.

எல்லா முறையும் அல்ல. எப்போதாவது. வேண்டுமென்று சோதித்தால் சமர்த்தாக நடந்துகொள்ளும். நான்கு பேரிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நேற்று அவள் கணவன் ஜிகர்தண்டா வாங்கி வந்தான். உருகிவிடும் என்று மாடிப்படியை ஓடி ஏறினான். முதல் வாயை அவளுக்கு ஊட்டினான்.

கதவின் நடுவில் ஒரு விரிசல் ஓடியது.

"சட்டியை யாரு பொறுக்குவா? உங்கப்பனா வருவான்?"

கண்டுபிடித்துவிட்டாள். பெயரை வாங்கி வைக்கும் வரி, கோப்பின் உச்சியில், எல்லோருக்கும் பொதுவாக நின்றிருந்தது. அதை அங்கிருந்து எடுத்தாள். வருகிற ஒவ்வொருத்திக்கும் தனியாக, வெறுமையாகத் தொடங்கும்படி உள்ளே இறக்கினாள். சேமித்தாள்.

பக்கத்தைப் புதுப்பித்தாள்.

காலி.

மறுபடி புதுப்பித்தாள். மறுபடியும்.

அதே பெயர். அதே தெரு.

உதை. விரிசல் அகலமானது. அவன் மூச்சு உள்ளே கேட்டது.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். கோப்பு மாறிவிட்டது. சர்வர் இன்னும் பழையதைத்தான் நினைவில் வைத்து ஓடுகிறது. நிறுத்தி எழுப்பாமல் புதியதைப் படிக்காது.

வீங்கிய விரல் கடவுச்சொல்லைத் தவறவிட்டது. மறுபடி அடித்தாள்.

சர்வர் நின்றது.

எழுந்தது.

புதுப்பித்தாள். காலி. விடாமல் புதுப்பித்தாள். காலி, காலி, காலி.

இன்னும் ஒன்று பாக்கி. யாராவது எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகும் கட்டங்கள் காலியாகவே வர வேண்டும். வழக்கமாகப் பெயர் என்ற இடத்தில் 'டெஸ்ட்' என்று அடிப்பாள். ஊர், டெஸ்ட். என்ன உதவி வேண்டும், டெஸ்ட். அந்தப் பக்கம் ஸ்டெல்லாக்கா பார்த்துச் சிரித்துவிட்டு அழிப்பாள்.

கதவின் மேல்பாதி பெயர்ந்து அவள் தோளில் விழுந்தது.

பெயர் என்ற இடத்தில் சுகிர்தா என்று அடித்தாள்.

வில்லாபுரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மாடி வீடு.

என்ன உதவி வேண்டும் என்ற இடத்தை அப்படியே விட்டுவிட்டு அனுப்பினாள்.

புதுப்பித்தாள்.

காலி. விடாமல் புதுப்பித்தாள். அவள் பெயர் எங்கும் இல்லை. இனி யார் பெயரும் யாருக்கும் தெரியாது.

ஓட்டை வழியே கை வந்தது. கொண்டையைப் பிடித்தது. அவள் தலை பின்னால் போய்க் கதவில் மோதியது. லேப்டாப் சரிந்தது. வாயில் உப்புக் கரித்தது.

தரையில் போன் அதிர்ந்தது.

எட்டி அழுத்தினாள். வீங்கிய விரல் ஸ்பீக்கரிலும் பட்டது.

"சுகிர்தாம்மா, உன் பேர்லயே ஒண்ணு வந்திருக்கு." ஸ்டெல்லாக்காவின் குரல் குளியலறை முழுக்க நிறைந்தது. "டெஸ்ட்தானே?"

முடியைப் பிடித்த கை நின்றது.

பிறகு தளர்ந்தது. அவள் நெற்றியை மெல்ல வருடியது.

"ஆமான்னு சொல்லுடா கண்ணு," என்றான் அவன், நேற்றைய குரலில். "சொல்லிட்டு வா. நானே சோறு போடுறேன்."

குழாய் சொட்டியது.

"சுகிர்தா? லைன்ல இருக்கியா? அழிச்சிரட்டுமா?"

எழுதத்தான் வரும் என்று நினைத்திருந்தாள்.

"டெஸ்ட் இல்லக்கா," என்றாள். கை மறுபடி இறுகியது. அவள் நிறுத்தவில்லை.

"வாங்க. வண்டிய எடுத்துக்கிட்டு வாங்கக்கா."